பதினாறாம் பாகமும் முதல் பாகம்தான்

ஃபைனல் ஃபேன்டஸி 16 என்று அட்டையில் பார்த்ததும் எங்கள் பக்கத்துக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்க, முன்னாடி பதினஞ்சும் ஆடியிருந்தாத்தான் இது புரியுமுங்களா?" தேவையில்லை. 2023ல் வந்த அந்தப் பதினாறாம் ஆட்டத்துக்கும், 1987 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்துக்கும் கதையளவில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாடு வேறு, ஆட்கள் வேறு, பகை வேறு. நம் சினிமாவிலும் இந்த இரண்டு வழக்கமும் உண்டு. ‘சிங்கம்’ மூன்றாவதாக வந்தபோது துரைசிங்கம் யார் என்று தெரிந்தவர்கள்தான் தியேட்டருக்குப் போனார்கள். ‘அரண்மனை 4’ பார்க்கப் போனவருக்கு முந்தைய மூன்று அரண்மனைகளில் எந்தப் பேய் எதற்காக அழுதது என்று நினைவிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி இந்த இரண்டாவது ரகம்.

இந்தத் தொடர்பின்மைக்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் கிடைக்கிறது. ஜப்பானில் வெளியான 2, 3, 5 ஆகிய மூன்று பாகங்களும் அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. அதனால் ஜப்பானின் நான்காம் பாகம் 1991ல் அங்கே 2 என்ற எண்ணோடும், ஆறாம் பாகம் 1994ல் 3 என்ற எண்ணோடும் விற்கப்பட்டன. அடுத்து 1997ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஆட்டத்துக்கு உலகம் முழுக்க ஒரே எண்: 7. மூன்றை முடித்த அமெரிக்கப் பையன் கடைக்குப் போனால் அடுத்தது ஏழு! வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் இப்படி மூன்று அத்தியாயங்களை விழுங்கியிருந்தால் வாசகர்கள் சும்மா விட்டிருப்பார்களா? இங்கே கதை எங்கே விட்டுப்போனது என்று தேட வேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை. விட்டுப்போவதற்குத் தொடர்ந்து வரும் கதை என்று ஒன்று இருந்தால்தானே.

ஆர்பிஜி என்று சுருக்கிச் சொல்லப்படும் ரோல் பிளேயிங் கேம்களில் பல பெரிய தொடர்கள் இப்படித்தான் நடக்கின்றன. டிராகன் க்வெஸ்ட், பெர்சோனா, எல்டர் ஸ்க்ரோல்ஸ், போக்கிமான் என்று எதை எடுத்தாலும் அடுத்த பாகத்தில் ஒரு புது ஆள், பெரும்பாலும் ஒரு புது ஊர், அடிமட்ட லெவல். பெயரும் எண்ணும் மட்டும் பழசு. அது ஏன் என்பதற்குப் பல பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாமே ஓரளவுக்கு உண்மைதான். எந்தப் பதில் எதுவரை தாங்குகிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வியாபாரம் என்பது எல்லோரும் சொல்லும் பதில். புதிதாக வருகிறவர் மிரளாமல் உள்ளே நுழைய வேண்டும். பதினைந்து பாகங்களின் சுமையைத் தலையில் ஏற்றினால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். சரிதான். ஆனால் புதியவரை வரவேற்க நாயகனை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதற்குக் கோயம்புத்தூரிலேயே ஆதாரம் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். போத்தனூர் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர் கையில் அகப்பட்ட எந்த மாதத்து ‘க்ரைம் நாவல்’ இதழையும் பிரித்து, ஈரோடு தாண்டுவதற்குள் முடித்துவிடலாம். விவேக் யார், ரூபலா யார், விஷ்ணு ஏன் இப்படிக் கடிக்கிறார் என்பதற்கு முன்கதை வேண்டாம். முதல் பக்கத்தில் பிணம், கடைசிப் பக்கத்தில் கொலைகாரன். நடுவில் விவேக் எப்போதும் போல விவேக். போன மாதத்து வழக்கு அவர் மேல் ஒரு கீறல்கூட விட்டுவைப்பதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலும் அப்படித்தான், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பெரும்பாலும் அப்படித்தான். ‘நைலான் கயிறு’ காலத்துக் கணேஷையும் பிற்காலத்துக் கணேஷையும் பக்கத்தில் நிறுத்தினால் நகைச்சுவையில் வித்தியாசம் தெரியும், வயதில் தெரியாது.

ஆக, புதியவருக்குக் கதவைத் திறந்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாயகன் மாறவே கூடாது. இல்லையென்றால் நாயகனையே மாற்றிவிட வேண்டும். துப்பறியும் கதை முதல் வழியில் போனது. துரைசிங்கமும் அந்த வழிதான்; முதல் படத்தின் முதல் சண்டையிலேயே அவர் முழுசாக வந்து நிற்கிறார், அதற்கு மேல் வளர இடமில்லை, வளரவும் தேவையில்லை. ஆர்பிஜிக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஏனென்றால் அங்கே நாயகன் மாறுவதுதான் ஆட்டம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1986ல் எனிக்ஸ் நிறுவனத்துக்காக யூஜி ஹோரி வடிவமைத்த முதல் டிராகன் க்வெஸ்டை எடுத்துக்கொள்வோம். அரசர் கொடுத்த சில்லறையோடு ஊருக்குள் வருகிறீர்கள். ஆயுதக் கடையில் இருப்பதிலேயே மலிவு பத்துக் காசு மூங்கில் கம்பு. அதை வாங்கிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினால் ஸ்லைம் என்ற கொழகொழத்த நீலப் பிராணி. ஆட்டத்திலேயே இளைத்தது அதுதான். அதோடு மல்லுக்கட்டவே மூச்சு வாங்குகிறது. ஏழெட்டை அடித்தால் லெவல் ஏறும். பலம் கொஞ்சம் கூடும், உயிரும் கொஞ்சம் கூடும். செம்பு வாள் வாங்கக் காசு சேரும். பாலத்தைத் தாண்டினால் பூதங்கள் பெரிதாகின்றன, ஓடி வந்து சத்திரத்தில் படுக்கிறீர்கள், மறுபடி போகிறீர்கள். பல மணி நேரம் கழித்து அதே ஸ்லைம் எதிரே வரும்போது உங்களைப் பார்த்து அது ஓடுகிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை பாடும். முப்பதாவது லெவலோடு உச்சவரம்பு முடிகிறது, டிராகன் அரசன் சாய்கிறான், கதை தீர்ந்தது.

இந்த ஆளை வைத்து இரண்டாம் பாகம் எடுப்பது எப்படி? அவனுக்குத் தெரியாத மந்திரம் இல்லை, அவனை எதிர்க்கத் துணிகிற மிருகம் அந்த நாட்டில் இல்லை. ஆட்டக்காரருக்கோ மறுபடியும் மூங்கில் கம்பிலிருந்து ஏற வேண்டும். அந்த ஏற்றத்தைத்தான் அவர் காசு கொடுத்து வாங்குகிறார். ஹோரியின் தீர்வு, 1987ல் வந்த இரண்டாம் பாகத்தை நூறு ஆண்டு தள்ளி வைத்து, அவனுடைய வம்சத்துப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டது. ரத்தம் அதே ரத்தம், லெவல் மட்டும் ஒன்று.

ஹோரிக்கு முன்பே அமெரிக்கர்கள் வேறு வழியை முயன்று பார்த்திருந்தார்கள். ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் 1981ல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக எழுதிய விசர்ட்ரி, ஜப்பானிய ஆர்பிஜிகளுக்கே பாட்டன் முறை. 1982ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: முதல் பாகத்தில் ஏற்றி வைத்த ஆட்களைக் கொண்டுவந்தால்தான் ஆட முடியும். பழைய ஃபிளாப்பி இல்லாதவன் வெளியே நிற்க வேண்டியதுதான். அடுத்த ஆண்டே, மூன்றாம் பாகத்தில், பழைய வீரர்களைக் கொண்டுவரச் சொல்லி, அவர்களை ஒரு சடங்குக்கு உட்படுத்தி, அவர்களுடைய வாரிசுகளாக ஒன்றாம் லெவலில் இறக்கிவிட்டார்கள். தொடர்ச்சியை விடவும் மனமில்லை, ஏற்றத்தை விடவும் வழியில்லை. விசர்ட்ரி பிறந்து இரண்டே ஆண்டுகளில் இந்த முரண் முழுசாக வெளிப்பட்டுவிட்டது என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு வந்த நாற்பது ஆண்டுகளும் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் பார்த்ததுதான்.

வைத்தியங்களில் சில நல்ல வேடிக்கை. ஒரே நாயகனை வைத்துத்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் அவனை எப்படியாவது முடமாக்க வேண்டியிருந்தது. மாஸ் எஃபெக்ட் 2 (2010) தொடங்கிய சில நிமிடங்களிலேயே நாயகன் ஷெப்பர்டைக் கொன்று, இரண்டு ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடத்தில் ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள்; முதல் பாகத்தில் சேர்த்த திறமையெல்லாம் அந்தச் சாவோடு போயிற்று. பால்டர்ஸ் கேட் 2 (2000) தொடங்கும்போது நாயகன் கூண்டில் கிடக்கிறான், கைவசம் இருந்த ஆயுதம் ஒன்றும் இல்லை. விட்சர் வரிசையில் முதல் ஆட்டத்திலேயே நாயகன் கெரால்ட்டுக்கு ஞாபக மறதி. மூன்றாம் ஆட்டத்தில் (2015) மறதி தீர்ந்துவிட்டது, கெரால்ட் ஊரறிந்த வேட்டைக்காரர், ஆனாலும் லெவல் ஒன்று. அதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ வரிசையைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. 2011லும் 2015லும் 2019லும் ராகவா என்ற அதே பெயர். மூன்று முறையும் பேய் என்றால் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்கிற பயம். இத்தனை பேயைப் பார்த்தவன் இன்னுமா பயப்படுகிறான் என்று கேட்டால் படம் அங்கேயே நின்றுவிடும். பயந்தவன் துணிகிற அந்த ஏற்றம்தான் படம்.

ஏற்றத்தைத் தொடர்ந்துகொண்டே போனால் எங்கே போய் முடியும் என்பதற்கும் பால்டர்ஸ் கேட்தான் உதாரணம். 1998ல் மடத்தை விட்டுக் கிளம்பிய அநாதைப் பிள்ளை, 2001ல் வந்த கடைசி இணைப்பில் கடவுள் பதவி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. கடவுளை வைத்துக்கொண்டு அடுத்த பாகத்தில் எலி பிடிக்கும் வேலை கொடுக்க முடியுமா? 2023ல் லேரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் 3 கொண்டுவந்தபோது கதையை நூறாண்டுக்கு மேல் தள்ளி, புது ஆளைப் பிடித்து, பன்னிரண்டாம் லெவலோடு உச்சவரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு தற்செயல் இல்லை. அதற்கு மேலே இருக்கிற மந்திரங்கள் கதையையே கிழித்துவிடும் என்பது மேசைமேல் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி.

கருவிகள்தான் காரணம் என்கிற பதிலைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியில் ஓடிய முதல் இரண்டு டிராகன் க்வெஸ்ட்களிலும் ஆட்டத்தைச் சேமிக்க வழி கிடையாது. திரையில் வரும் எழுத்துச் சரத்தைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் தப்பில்லாமல் அடிக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்துகள் வரை நீளும். ஓர் எழுத்து பிசகினால் ஒரு வாரத்து உழைப்பு போச்சு. மூன்றாம் பாகத்தில்தான் கேசட்டுக்குள் பேட்டரி வைத்தார்கள். அந்தப் பேட்டரியில் கிடந்த நினைவும் அந்தக் கேசட்டை விட்டு வெளியே வராது. 1990ல் சூப்பர் ஃபேமிகாம் வந்தபோது பழைய பெட்டியில் இருந்த வீரனை அதற்குள் கூட்டிப்போக வழியே இல்லை. போக்கிமானில் இது நேரடியாகவே வலித்தது. 2002ல் ரூபி, சஃபையர் ஆட்டங்கள் வந்தபோது, அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் பிடித்து வளர்த்த பிராணிகளைப் புதிய பெட்டிக்கு மாற்ற முடியவில்லை. இதெல்லாம் பழக்கத்தை உண்டாக்கியது. ஆனால் காரணம் இதுவே என்றால், மெமரி கார்டும் ஹார்ட் டிஸ்கும் வந்ததும் பழக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை.

இங்கே நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்ணூறுகளில் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’ கேசட்டுகளில் மாரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது, வாத்து சுடுவது இருந்தது. ஆர்பிஜி இல்லை. அதற்குப் பேட்டரி வேண்டும், படிக்க மொழி வேண்டும். பின்னால் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கட்டி ஆடிய காலத்திலும் கவுன்டர் ஸ்ட்ரைக்தான் ஓடியது. ஐம்பது மணி நேரக் கதையை அங்கே யார் ஆடுவார்கள், ஆடினாலும் சேமித்து வைத்ததை அடுத்த ஆள் அழித்துவிட மாட்டானா? ஆகவே நம்மவர்கள் இந்தத் தொடர்களுக்குள் நுழைந்தது எல்லாமே நடுவழியில்தான். ஒருவருக்கு ஸ்கைரிம், ஒருவருக்கு நண்பன் கொடுத்த டிஸ்கில் ஃபைனல் ஃபேன்டஸி 10, இன்னொருவருக்கு செல்போனில் ஏதோ ஒரு போக்கிமான். முதல் பாகத்திலிருந்து வரிசையாக வந்தவர் என்று இந்த ஊரில் நான் யாரையும் சந்தித்ததில்லை. ஒவ்வொரு பாகமும் புதிதாகத் தொடங்குகிற வழக்கம் யாருக்காக ஏற்பட்டதோ தெரியாது. பலன் முழுக்க நம்மைப் போல நடுவில் ஏறியவர்களுக்குக் கிடைத்தது.

அடுத்தது முடிவுகளின் சிக்கல். எனக்கு இதில் ஆர்வம் அதிகம். நாவலுக்கு ஒரு முடிவுதான். ஆர்பிஜி, அதிலும் மேற்கத்திய ஆர்பிஜி, முடிவை ஆட்டக்காரர் கையில் கொடுக்கிறது. யாரை அரியணையில் ஏற்றுவது, யாரைச் சாகவிடுவது என்பதெல்லாம் உங்கள் விருப்பம். பத்து லட்சம் பேர் ஆடினால் பல விதமாக முடிந்த உலகங்கள். அடுத்த பாகம் இவற்றில் எதிலிருந்து தொடங்கும்? எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் இரண்டாம் ஆட்டமான டேகர்ஃபாலில் (1996) முடிவுகள் பல, ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை. மூன்றாம் ஆட்டமான மோரோவிண்டை (2002) எடுத்தவர்கள் துணிந்து ஒரு வேலை செய்தார்கள்: அந்த நாட்களில் காலமே முறிந்துவிட்டது, எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்று உலகத்தின் சரித்திரப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். புராணக்காரர்கள் பார்த்தால் கைதட்டியிருப்பார்கள். ஆனால் இந்த வித்தையை ஒருமுறைதான் காட்ட முடியும். அதன் பிறகு அவர்கள் எடுத்த வழி இன்னும் எளியது. ஆப்லிவியன் (2006) முடிந்து இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்கைரிம் (2011) நடக்கிறது. பழைய நாயகன் ஆணா பெண்ணா, எந்த இனம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அது ஒவ்வொரு ஆட்டக்காரரின் சொந்தச் சொத்து. புதிய நாயகனோ விலங்கு பூட்டிய கைதி. இந்த வரிசையில் பெரும்பாலான ஆட்டங்கள் கைதியில்தான் தொடங்குகின்றன. பெயரில்லாத, கடந்த காலமில்லாத, கையில் ஒன்றுமில்லாத ஒருவன் வேண்டும் என்றால் கைதியைவிடத் தோதான ஆள் யார்?

இதற்கு நேர் எதிராகப் போனது மாஸ் எஃபெக்ட். முதல் ஆட்டத்தில் (2007) நீங்கள் எடுத்த முடிவுகள் இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் (2012) சேவ் கோப்பில் ஏறி வந்தன. சாகவிட்டவர் செத்தவர்தான், காப்பாற்றியவர் வந்து நன்றி சொல்வார். இந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் கிளைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு கிளைக்கும் எழுதவேண்டிய வசனமும் நடிக்கவேண்டிய காட்சியும் பெருகின. கடைசியில் எல்லாக் கிளைகளையும் இழுத்து மூன்று நான்கு முடிவுகளுக்குள் திணித்தபோது எழுந்த கூச்சலில், சில மாதங்களிலேயே விரித்து எழுதிய முடிவை இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த ஆண்ட்ரோமெடா (2017) என்ன செய்தது? மூன்றாம் ஆட்டத்தின் முடிவுக்கு முன்பே கிளம்பிய கப்பலில் ஆட்களை உறங்க வைத்து, அறுநூறு ஆண்டுப் பயணத்துக்குப் பின் வேறொரு விண்மீன் திரளில் இறக்கியது. பழைய முடிவு எதுவாக இருந்தாலும் இவர்களுக்குச் செய்தியே வராது! அதே நிறுவனத்தின் டிராகன் ஏஜ் வரிசையில் முந்தைய ஆட்டத்தின் தீர்மானங்களைக் கொண்டுவரத் தனி இணையதளமே கட்டியிருந்தார்கள். 2024ல் வந்த வெயில்கார்டில் அந்தப் பெரிய பட்டியல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. தொடர்ச்சி என்பது வட்டிக்கு வாங்கிய பணம் மாதிரி என்று இந்த நிறுவனத்துக்குப் புரியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

செய்கிறவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. ஃபைனல் ஃபேன்டஸியைத் தொடங்கிய ஹிரோனோபு சகாகுச்சி வெகுகாலம் முன்பே அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பாகத்துக்குப் பாகம் இயக்குநர் மாறுகிறார். பழைய கதையைக் கட்டிக் காக்கிற வேலை என்றால் திறமையுள்ளவர்கள் நிற்க மாட்டார்கள்; புது உலகம் படைக்க விடுவதாகச் சொன்னால் வருவார்கள்.

இத்தனையையும் உதறிவிட்டால் ‘தொடர்’ என்று சொல்ல மிச்சம் என்ன? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஃபைனல் ஃபேன்டஸியில் சோக்கோபோ என்ற பெரிய மஞ்சள் பறவை இரண்டாம் பாகத்திலிருந்து (1988) விடாமல் வருகிறது, குதிரைக்குப் பதில் அதில் ஏறித்தான் சவாரி. சிட் என்ற பெயரில் பாகத்துக்கு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் விமானக் கப்பலோடு சம்பந்தப்பட்டவர், ஆனால் வேறு வேறு மனிதர். பஹாமுட் என்ற டிராகன் வரும். வெற்றி கிடைத்ததும் பெரும்பாலும் அதே வாத்திய இசை. டிராகன் க்வெஸ்டில் ஸ்லைமின் சிரித்த முகம், டோரியாமா அகிரா வரைந்தது, மாறியதே இல்லை. பிரெத் ஆஃப் ஃபயர் என்று 1993ல் தொடங்கிய காப்காம் வரிசையில் நாயகன் ர்யூ, நாயகி நீனா. அடுத்த பாகத்திலும் ர்யூ, நீனா. ஆனால் அவர்கள் இவர்கள் இல்லை.

தசாவதாரம் மாதிரி என்று சொல்லிக் கடந்துவிடலாம். கொங்கு நாட்டில் அதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார், அவர்களுடைய தங்கை, அப்பா குன்னுடையாக் கவுண்டர், அம்மா தாமரை. எதிரி தலையூர்க் காளி, கொம்பன் என்ற பன்றி. உடுக்கை அடித்து இரவுகளாகப் பாடுகிற இந்தக் கதையை 1965ல் காங்கயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதை அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். கருணாநிதி நாவலாக எழுதினார், 2011ல் சினிமாவாகவும் வந்தது. பாடுகிறவர்கள் சொல்லும் வடிவங்களில் அண்ணமார் யார்? பாரதப் போரில் நின்ற வீரர்களே மறுபிறவியாக வந்தவர்கள்.

அந்த மறுபிறவி எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தால், இந்த விளையாட்டுத் தொடர்கள் செய்வது நமக்குப் பழக்கமான வேலைதான் என்று தெரியும். பாண்டவர்களின் ராஜ்யமோ அஸ்திரங்களோ அண்ணமாருக்கு வந்து சேரவில்லை. கௌரவர்களின் கணக்கைத் தீர்க்க அவர்கள் கிளம்பவில்லை. அவர்களுக்குக் காடு திருத்தவும், பங்காளிச் சண்டைக்கும், பன்றிக்கும், தலையூரானுக்கும் முகங்கொடுக்கவும் நேரம் சரியாக இருக்கிறது. பாரதம் கேட்டறியாத ஒருவர் விடிய விடிய உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்கலாம், ஒன்றும் குறையாது. பாரதம் தெரிந்தவருக்கோ அவ்வப்போது ஒரு சிலிர்ப்பு: அந்தக் கோபம் எங்கேயோ பார்த்த கோபம். சோக்கோபோவும் சிட்டும் தெரிந்தவருக்குக் கிடைப்பது அந்தச் சிலிர்ப்புதான். தெரியாதவர் எதையும் இழப்பதில்லை. கேட்பவர் இருவரையும் ஒரே பந்தலில் உட்கார வைக்கிற உத்தி அது.

ஒரு வித்தியாசமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அண்ணமார் பிறப்புக்கு வினை என்ற காரணம் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸியின் சிட்டுக்குக் காரணமே கிடையாது, சும்மா வருகிறார். நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது ஜெல்டா வரிசை (அதை ஆர்பிஜியில் சேர்க்க மாட்டேன் என்று கறாராக இருக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்). 1986லிருந்து லிங்க் என்ற பையனும் ஜெல்டா என்ற இளவரசியும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தார்கள். இதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று தோன்றி 2011ல் வந்த ஸ்கைவார்ட் ஸ்வோர்டில் ஒரு சாபத்தைக் கொண்டுவந்தார்கள்: தோற்ற அரக்கனின் வெறுப்பு பிறவிதோறும் தேடி வரும். சாபம் சொன்ன பிறகு ஆட்டம் எந்த விதத்திலும் மேம்படவில்லை என்பது என் எண்ணம். விளக்கம் கேட்டது ரசிகர்கள்; விளக்கம் இல்லாமலே ஆட்டம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாகத் தொடங்குவதையே பொருளாக்கிய வரிசை ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. பெர்சோனா. 2006ல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்து அதற்கு ஒரே அச்சு: ஊர் மாறி வந்த பள்ளி மாணவன், ஏப்ரலில் தொடங்கும் பள்ளி ஆண்டு, நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கழிகிற காலம். போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் ஆண்டு நடுவில் புதுப் பள்ளி, புது பெஞ்ச், நம் பெயர் யாருக்கும் தெரியாது; முந்தைய பள்ளியில் நாம் என்னவாக இருந்தோம் என்பதற்கு இங்கே மதிப்பில்லை. நான்காம் பாகத்தில் (2008) நாயகன் இனாபா என்ற சிற்றூருக்கு ரயிலில் வந்து இறங்குகிறான், மாமா வீட்டில் ஓராண்டு இருக்கிறான், நண்பர்களைச் சம்பாதிக்கிறான், மார்ச்சில் அதே ரயிலேறிப் போகிறான். பிளாட்பாரத்தில் நண்பர்கள் ரயிலோடு ஓடி வருகிறார்கள். ஐந்தாம் பாகத்தில் (2016) அவன் இல்லை. வேறு பையன், வேறு ஊர். அவனையே மறுபடி கூட்டிவந்திருந்தால் அந்தப் பிளாட்பாரக் காட்சி பொய்யாகிவிடும்.

இருந்தாலும் இந்த வழக்கத்தால் நஷ்டமே இல்லை என்று சொன்னால் அது கண்மூடித்தனம். மனிதர்கள் கதையைவிட ஆட்களோடுதான் ஒட்டிக்கொள்கிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸிக்காரர்களே 2003ல் 10-2 என்று ஒரு விநோத எண்ணைப் போட்டு, பத்தாம் பாகத்தின் நாயகி யூனாவை மறுபடி அழைத்துவந்தார்கள். அதற்கு முன் எண்ணிட்ட எந்தப் பாகத்துக்கும் நேரடியான அடுத்த ஆட்டம் வந்ததில்லை. பதின்மூன்றாம் பாகத்துக்கு இரண்டு வால்கள் முளைத்தன. 1997ன் ஏழாம் பாகத்தை இப்போது மூன்று துண்டாக்கி மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் துண்டு 2020, இரண்டாவது 2024. புதுசு புதுசாகப் படைப்பதையே பெருமையாகச் சொல்லும் நிறுவனம் கையைக் கடிக்கும்போது திரும்பிப் போவது பழைய ஆட்களிடம்தான். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அருமையாகக் கட்டிய நகரங்களை ஒரே ஆட்டத்தோடு பூட்டி வைத்துவிட்டுப் போவது கல்யாண மண்டபத்தை ஒருநாளைக்கு வாடகைக்கு எடுக்கிற கதை இல்லை. கட்டியவர்களின் பல ஆண்டுகள் அதில் போயிருக்கின்றன.

விடாப்பிடியாகத் தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானின் ஃபால்காம் நிறுவனம் 2004ல் தொடங்கிய டிரெயில்ஸ் வரிசை இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே கண்டத்தில், ஒரே காலவரிசையில் நடக்கிறது. நாட்டுக்கு நாடு நாயகர்கள் மாறுகிறார்கள், லெவல் மறுபடி ஒன்றுக்கு இறங்குகிறது, ஆனால் கடந்த ஆட்டத்தில் கடைத்தெருவில் பார்த்த ஆள் இந்த ஆட்டத்தில் கல்யாணம் முடித்து வருவார். அதன் ரசிகர்களைப் போல விசுவாசமானவர்கள் வேறெங்கும் கிடையாது. புதியவர்கள் உள்ளே வருவதும் அந்த அளவுக்குக் கஷ்டம். 2025ல் அவர்கள் முதல் ஆட்டத்தையே புதுப்பித்து வெளியிட்டதில் அந்தக் கவலை தெரிகிறது. இணையத்தில் ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14ம் அப்படித்தான்: 2013லிருந்து ஒரே கதை, புதிதாகச் சேர்கிறவர் மொத்தத்தையும் நடந்து வர வேண்டும். 2021ல் எண்ட்வாக்கர் இணைப்போடு அந்தக் கதையை முடித்து, 2024ல் டான்டிரெயிலில் கப்பலேறி வேறு கண்டத்தில் வேறு கதை தொடங்கினார்கள். தொடர்ந்தே தீர வேண்டிய ஆட்டத்துக்கும் ஒருநாள் கதையை மூடி, புதுக்கணக்கு எழுத வேண்டி வந்தது.

நடுவில் ஏறுகிற நம்மவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்றால், ஃபைனல் ஃபேன்டஸியின் முதல் ஆறு பாகங்களும் பிக்சல் ரீமாஸ்டர் என்ற பெயரில் 2021லும் 2022லும் கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வந்திருக்கின்றன. பழைய லேப்டாப் போதும். என்னைக் கேட்டால் ஆறிலிருந்து தொடங்குங்கள். ஒன்றிலிருந்து தொடங்கினாலும் தவறில்லை, ஐந்தைத் தொடவே இல்லை என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பெர்சோனாவில் நான்கோ ஐந்தோ, உங்கள் இஷ்டம். எல்டர் ஸ்க்ரோல்ஸில் ஸ்கைரிம். டிராகன் க்வெஸ்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் பிற்காலப் பாகங்கள் பெரும்பாலும் தனித்தனி என்றாலும் முதல் மூன்றும் ஒரே வம்சத்தின் கதை. மூன்றாவதாக வந்தது காலத்தில் முதலாவது. நிறுவனமே அவற்றைப் புதுப்பித்தபோது 2024ல் மூன்றாம் பாகத்தை முதலில் விற்றுவிட்டு, 2025ல்தான் ஒன்றையும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. அங்கே 3, 1, 2 என்ற வரிசையில் போங்கள்.